மேடையில் 80 வயது: மூத்த ராக் இசைக்குழுக்களின் நிகழ்ச்சியில் ரசிகர்கள் கேட்பது எதை?

குரல் தளர்கிறது, சுருதி இறங்குகிறது, டிரம்ஸ் இருக்கையில் ஆள் மாறுகிறார். ஆயினும் அரங்குகள் நிரம்புகின்றன. அரை நூற்றாண்டைக் கடந்த ராக் இசைக்குழுக்கள் மேடையில் எவ்வாறு தாக்குப்பிடிக்கின்றன என்பதை விளக்குகிறது இந்தத் தொகுப்பு.

2025 ஜூலை 5ஆம் தேதி, இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலுள்ள வில்லா பார்க் கால்பந்து மைதானம். மேடைக்கு அடியிலிருந்து ஒரு கறுப்புச் சிம்மாசனம் மெல்ல மேலெழுந்தது. அதில் அமர்ந்திருந்தவர் 76 வயதான ஓஸி ஆஸ்போர்ன். பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாத நோயாலும், தொடர் முதுகெலும்பு அறுவை சிகிச்சைகளாலும் எழுந்து நிற்க இயலாத நிலையில் இருந்த அவர், தனிப்பாடகராக 5 பாடல்களையும், தமது பழைய குழுவான 'பிளாக் சப்பாத்' உடன் 4 பாடல்களையும் பாடினார். அக்குழுவின் தொடக்ககால உறுப்பினர்கள் நால்வரும் ஒரே மேடையில் தோன்றியது 20 ஆண்டுகளுக்குப் பிறகு அன்றுதான்.

அவரது குரல் சில இடங்களில் தளர்ந்தது. கால்கள் அசையவில்லை, கைகள் மட்டும் சிம்மாசனத்திலிருந்து உயர்ந்து உயர்ந்து கூட்டத்தை அழைத்தன. அந்த நிகழ்ச்சி முடிந்த 17ஆவது நாளில், ஜூலை 22 அன்று, அவர் காலமானார். அவர் பிறந்து வளர்ந்த ஆஸ்டன் பகுதி அந்த மைதானத்திற்கு அருகிலேயே உள்ளது.

இது ஓர் உச்சம். எல்லா மூத்த இசைக்குழுக்களின் கதையும் இவ்வாறு அமைந்துவிடுவதில்லை. சில குழுக்கள் பாதியில் சுற்றுப்பயணத்தைக் கைவிடுகின்றன. சில, விடைபெற்றுவிட்டு மீண்டும் வருகின்றன. சிலவற்றில் பெயர் மட்டுமே பழையது. 1960-களிலும் 1970-களிலும் இளைஞர்களின் கலகக் குரலாகப் பிறந்த ஓர் இசை வடிவம், அதைப் படைத்தவர்களின் முதுமையை முதன்முறையாக எதிர்கொண்டு வருகிறது. ஜாஸ், ப்ளூஸ் போன்ற இசை வகைகளில் முதிய கலைஞர் என்பது இயல்பான காட்சி. ராக் இசையில் அதற்கு முன்மாதிரி கிடையாது. 80 வயதில் ஒரு ராக் பாடகர் எப்படி இருக்க வேண்டும் என்பதை, இப்போது 80 வயதில் இருப்பவர்களேதான் முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள்.

இந்தியா பார்த்தது முதிர்ந்த முகத்தையே:

இந்திய ரசிகர்களுக்கு இந்தக் கேள்வி கூடுதல் நெருக்கமானது. மேற்கத்திய ராக் குழுக்களில் பெரும்பாலானவற்றை இந்தியா அவற்றின் இளமையில் பார்த்ததே இல்லை. 1980 மார்ச்சில் 'தி போலீஸ்' குழு அன்றைய பம்பாயில் நிகழ்ச்சி நடத்தியது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. அப்போது அக்குழுவின் பாடகர் ஸ்டிங்குக்கு வயது 28. ஆனால் பொதுவாக, அக்காலத்தில் இந்திய இளைஞர்களுக்கு ராக் இசை என்பது ஒலிநாடாவில் வந்து சேர்ந்த ஒன்று. வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு கேசட், பல வீடுகளில் பிரதியெடுக்கப்பட்டுத் தேய்ந்துபோன பின்னரே கைக்குக் கிடைக்கும்.

'ரோலிங் ஸ்டோன்ஸ்' 1962இல் லண்டனில் தொடங்கப்பட்டது. அக்குழு இந்தியாவில் முதன்முறையாக மேடையேறியது 2003 ஏப்ரலில், பெங்களூருவிலும் மும்பையிலும். அப்போது மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் இருவருக்கும் 59 வயது. டிரம்ஸ் கலைஞர் சார்லி வாட்ஸுக்கு 61. 'அயர்ன் மெய்டன்' 2007 மார்ச்சில் பெங்களூரு அரண்மனை மைதானத்திற்கு வந்தபோது அதன் நிறுவனர் ஸ்டீவ் ஹாரிஸ் 51 வயதை எட்டியிருந்தார். 1976இல் டப்ளினில் உருவான 'யூ-2' குழு மும்பையில் தனது முதல் இந்திய நிகழ்ச்சியை நடத்தியது 2019 டிசம்பரில். பாடகர் போனோவுக்கு அப்போது 59.

ஆகவே, "அந்தக் காலத்தில் பார்த்ததைப் போல இல்லை" என்று அங்கலாய்க்கும் வாய்ப்பே இந்திய ரசிகருக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அவரிடம் இருப்பது ஒலிப்பதிவின் நினைவு மட்டுமே. இருபது வயதில் பதிவான ஒரு குரலை மனத்தில் வைத்துக்கொண்டு, அறுபது வயதுக் குரலை நேரில் கேட்கிறார். இந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், கேட்பதும் வேறு விதமாக அமையும்.

குரலுக்கு என்ன ஆகிறது?

வயது ஏறும்போது குரல்நாண்களின் தசை மெலிகிறது. அவற்றின் விளிம்புகள் முழுமையாக ஒன்றுசேராததால் இடையே காற்று கசிந்து, குரலில் மூச்சொலி கலக்கிறது. குரல்வளையின் குருத்தெலும்புகள் இறுகுகின்றன. நுரையீரலின் கொள்ளளவும் குறைவதால் நீண்ட கார்வைகளைத் தாங்கிப் பிடிக்க இயலாமல் போகிறது. ஆண்களின் பேச்சுக் குரல் முதுமையில் சற்று உயர்ந்து மெலிவது உண்டு. ஆனால் பாடும்போது எட்டக்கூடிய மேல் எல்லை சுருங்கிவிடுகிறது.

ராக் பாடகர்களுக்கு இது கூடுதல் சிக்கல். அவர்களது புகழ்பெற்ற பாடல்கள் பெரும்பாலும் இருபது வயதுகளில், குரலின் உச்ச எல்லையைத் தொட்டுப் பதிவு செய்யப்பட்டவை. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஓர் உச்ச ஸ்வரத்தைப் பலமுறை முயன்று, சிறந்ததைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள முடியும். அதே ஸ்வரத்தை, முழங்கும் டிரம்ஸுக்கு எதிராக, இரண்டு மணி நேரம் நின்றபடி, வாரத்திற்குப் பலமுறை எட்டுவது வேறு வேலை.

முதல் தீர்வு, சுருதியைக் குறைப்பது. தமிழ் வாசகர்களுக்கு இதில் புதுமை இருக்காது. கர்நாடக இசைக் கச்சேரியில் பாடகரின் குரலுக்கு ஏற்பவே சுருதி வைக்கப்படுகிறது. வயதான வித்வான் அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிப் பாடினால் அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. ராக் இசையில் நிலைமை அப்படியில்லை. பாடல் இசைத்தட்டில் எந்தச் சுருதியில் பதிவானதோ அதுவே ரசிகரின் காதில் பதிந்துவிட்ட சுருதி. கிட்டாரின் கம்பிகளைத் தளர்த்தி அரைக் கட்டை இறக்கினாலே ஒலியின் நிறம் சற்று இருண்டுவிடும். ஆனாலும் பல மூத்த குழுக்கள் இதைச் செய்கின்றன. பெரும்பாலான ரசிகர்கள் கவனிப்பதும் இல்லை.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கை உண்டு. பிளாக் சப்பாத் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி, 17 வயதில் உலோகத் தகடு தொழிற்சாலை ஒன்றில் நேர்ந்த விபத்தில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கம் உள்ள அவருக்கு, கம்பிகளை அழுத்த வேண்டிய கை அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரல் நுனிகளுக்கு உறை செய்துகொண்டார். பின்னர் 1971இல் வெளியான இசைத்தொகுப்பில் கம்பிகளை ஒன்றரைக் கட்டை வரை தளர்த்தி வாசித்தார். தளர்ந்த கம்பி விரலை வருத்தாது. அந்தக் கனத்த, தாழ்ந்த ஒலியே பின்னாளில் 'ஹெவி மெட்டல்' என்ற இசைப் பிரிவின் அடையாளமாயிற்று. இன்று முதுமையின் அறிகுறியாகப் பார்க்கப்படும் சுருதி இறக்கம், ஓர் இளைஞரின் காயத்திற்கு மருந்தாகத் தொடங்கியது.

சுருதியை இறக்கியும் தீராத நிலை வரும்போது மருத்துவம் தேவைப்படுகிறது. ஜான் பான் ஜோவிக்கு ஒரு பக்கக் குரல்நாண் மெலிந்துபோனதால் 2022இல் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. பிறகு நீண்ட காலம் அவர் சுற்றுப்பயணத்தைத் தவிர்த்தார். 'ஏரோஸ்மித்' குழுவுக்கு அந்த அவகாசமும் வாய்க்கவில்லை. அதன் விடைபெறும் சுற்றுப்பயணம் 2023 செப்டம்பரில் தொடங்கியது. மூன்றாவது நிகழ்ச்சியிலேயே 75 வயதான பாடகர் ஸ்டீவன் டைலரின் குரல்நாண் பாதிக்கப்பட்டது. குரல்வளையில் முறிவு ஏற்பட்டிருப்பதும் பின்னர் தெரியவந்தது. முழுமையாகக் குணமடைய வாய்ப்பில்லை என்று கூறி, 2024 ஆகஸ்டில் அக்குழு சுற்றுப்பயணங்களிலிருந்து ஓய்வு பெற்றது. விடைபெறும் சுற்றுப்பயணத்துக்கே விடைகொடுக்க வேண்டியதாயிற்று. அதே டைலர், அடுத்த ஆண்டு வில்லா பார்க்கில் ஓஸிக்காக மேடையேறிச் சில பாடல்களைப் பாடினார். ஓரிரு பாடல்கள் என்றால் முடிகிறது. மாதக்கணக்கான பயணம்தான் முடிவதில்லை. மூத்த கலைஞர்கள் ஓய்வு பெற்றதாக அறிவித்த பிறகும் ஏதோவொரு மேடையில் தோன்றுவதன் காரணம் பல நேரங்களில் இதுவே.

முதலில் விலகுபவர் டிரம்ஸ் கலைஞர்:

பாடகரின் குரலைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. ஆனால் முதுமை ஒரு ராக் குழுவை முதலில் தாக்கும் இடம் பெரும்பாலும் மேடையின் பின்பகுதி. டிரம்ஸ் வாசிப்பது இரு கைகளும் இரு கால்களும் தனித்தனியாக இயங்க வேண்டிய முழு உடல் உழைப்பு. பாடகர் ஒரு வரியைக் கூட்டத்திடம் விட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கிட்டார் கலைஞர் ஒரு சுரக்கோவையை எளிமைப்படுத்தலாம். டிரம்ஸ் நின்றால் பாட்டு நின்றுவிடும்.

'ஜெனிசிஸ்' குழுவின் பில் காலின்ஸ், டிரம்ஸ் கலைஞராக அக்குழுவில் சேர்ந்து பாடகராக உயர்ந்தவர். நரம்பு பாதிப்பு, முதுகு அறுவை சிகிச்சை ஆகியவற்றால் அவர் குச்சியைப் பிடிக்க இயலாத நிலைக்கு வந்தார். 2022 மார்ச் 26 அன்று லண்டனில் நடைபெற்ற அக்குழுவின் இறுதி நிகழ்ச்சியில் 71 வயதான அவர் நாற்காலியில் அமர்ந்தே பாடினார். பின்னால் அமர்ந்து டிரம்ஸ் வாசித்தவர் அவருடைய மகன் நிக் காலின்ஸ், வயது 20. தந்தை உருவாக்கிய அடிகளை மகன் வாசிக்க, தந்தை முன்னால் அமர்ந்து அவற்றுக்குப் பாடிய அந்தச் சுற்றுப்பயணத்தை, பழைய ஜெனிசிஸின் குறைந்த வடிவம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

அயர்ன் மெய்டனின் நிக்கோ மெக்பிரைனுக்கு 2023 ஜனவரியில் பக்கவாதம் ஏற்பட்டது. உடலின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டது. சில மாதங்களிலேயே மேடைக்குத் திரும்பினார். சில விரைவான அடிகளைப் பழையபடி வாசிக்க இயலவில்லை என்பதை அவரே வெளிப்படையாகக் கூறினார். 2024 டிசம்பரில் பிரேசிலின் சாவ் பாலோ நகரில் 72 வயதில் தமது இறுதிச் சுற்றுப்பயண நிகழ்ச்சியை வாசித்து முடித்தார். யூ-2 குழு 2023இல் லாஸ் வேகஸில் புதிய 'ஸ்பியர்' அரங்கைத் திறந்து வைத்தபோது, லேரி முல்லன் அறுவை சிகிச்சையின் காரணமாக வரவில்லை, வேறொருவர் வாசித்தார்.

ரோலிங் ஸ்டோன்ஸுக்கு நேர்ந்தது இவற்றைவிடப் பெரிய இழப்பு. 1963 முதல் அக்குழுவின் தாளமாக இருந்த சார்லி வாட்ஸ், 2021 ஆகஸ்ட் 24 அன்று 80 வயதில் காலமானார். ஒரு மாதம் கழிந்ததும், ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருந்த அமெரிக்கச் சுற்றுப்பயணம் ஸ்டீவ் ஜோர்டனுடன் தொடங்கியது. ஜோர்டன் தேர்ந்த கலைஞர். வாட்ஸுடனும் ரிச்சர்ட்ஸுடனும் நெடுநாள் பழகியவர். இருப்பினும் வாட்ஸ் வாசிப்பில் இருந்த அந்த மிகச் சிறிய பின்தங்கல், கிட்டாருக்கு ஒரு மயிரிழை பின்னால் வந்து விழும் அடி, அவரோடு போய்விட்டது. அதைக் குறிப்பேட்டில் எழுதி அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்க முடியாது.

விரலும் செவியும்:

கீத் ரிச்சர்ட்ஸ் தமக்கு மூட்டுவாதம் இருப்பதையும், அதனால் வாசிப்பு முறை மாறியிருப்பதையும் மறைப்பதில்லை. கூர்ந்து பார்த்தால் இப்போது அவர் குறைவாக வாசிக்கிறார். இடைவெளிகளை அதிகம் விடுகிறார். அது நன்றாகவே இருக்கிறது என்பது இந்தக் கட்டுரையாளரின் கருத்து.

செவியின் நிலை வேறு. 2016இல் 'ஏசி டிசி' குழுவின் பாடகர் ப்ரையன் ஜான்சனிடம், மேடையைத் தொடர்ந்தால் செவித்திறன் முற்றிலும் போய்விடக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரித்தனர். அவர் விலக, மீதமிருந்த நிகழ்ச்சிகளை கன்ஸ் அண்ட் ரோசஸ் பாடகர் ஆக்சல் ரோஸ் பாடி முடித்தார். பின்னர் சிறப்புச் செவிக் கருவியின் உதவியுடன் ஜான்சன் திரும்பி வந்தார். 2024 மே மாதம் ஜெர்மனியில் தொடங்கிய சுற்றுப்பயணத்தில் 76 வயதில் பாடினார்.

அதே குழுவில் மற்றொரு கதையும் உண்டு. தாள கிட்டார் கலைஞரும் நிறுவனர்களில் ஒருவருமான மால்கம் யங், மறதி நோயின் தொடக்கத்திலேயே உலகச் சுற்றுப்பயணம் ஒன்றை முடித்தார். தாமே உருவாக்கிய இசைக்கோவைகளை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்பு அவர் மீண்டும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததைத் தம்பி அங்கஸ் யங் பின்னர் தெரிவித்தார். அரங்கில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. மால்கம் 2014இல் குழுவிலிருந்து விலகி, 2017இல் காலமானார். அவரது இடத்தில் இப்போது வாசிப்பவர் அண்ணன் மகன் ஸ்டீவி யங்.

யார் இருந்தால் அது அந்தக் குழு?

ஆட்கள் மாறிக்கொண்டே போனால் எந்த இடத்தில் அது வேறு குழுவாகிறது? இதற்கு விதி ஏதும் இல்லை. அமெரிக்காவின் 'லினர்ட் ஸ்கினர்ட்' குழுவின் தொடக்ககால உறுப்பினர்களில் எஞ்சியிருந்த கேரி ராசிங்டன் 2023 மார்ச்சில் காலமானார். அதன் பிறகும் அப்பெயரில் நிகழ்ச்சிகள் தொடர்கின்றன. பெயரைப் பயன்படுத்தும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பது ஒப்பந்தம் தொடர்பான விஷயம். அந்தப் பெயருக்கு உயிர் இருக்கிறதா என்பதை மேடைக்கு எதிரில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும்.

இந்திய ரசிகர்கள் இந்தக் கேள்வியைத் தலைகீழாகவும் அனுபவித்திருக்கிறார்கள். கன்ஸ் அண்ட் ரோசஸ் குழு 2012 டிசம்பரில் பெங்களூரு, மும்பை, டெல்லியை அடுத்த குருகிராம் ஆகிய இடங்களில் நிகழ்ச்சி நடத்தியது. அப்போது அக்குழுவில் கிட்டார் கலைஞர் ஸ்லாஷும் இல்லை, பேஸ் கிட்டார் கலைஞர் டஃப் மெக்ககனும் இல்லை. இருவரும் 2016இல் திரும்பினர். 2025 மே 17 அன்று மும்பை மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தில் அக்குழு மீண்டும் வாசித்தபோது ஆக்சல் ரோஸுக்கு 63 வயது, ஸ்லாஷுக்கு 59. குரல் 2012ஐவிட மூத்ததுதான். ஆனால் குழு, 1987ஆம் ஆண்டின் முதல் இசைத்தொகுப்புக்கு 2012ஐவிட நெருக்கமானது. வயது கூடக்கூட அசலிலிருந்து விலகுவது மட்டுமே நடக்கும் என்பது எப்போதும் உண்மையாவதில்லை.

இந்தியாவின் சொந்த ராக் குழுக்களும் இதே பருவத்தை எட்டிவிட்டன. 1990இல் டெல்லியில் உருவான 'இந்தியன் ஓஷன்' குழு, தனது தாளமும் குரலுமாக இருந்த அசீம் சக்கரவர்த்தியை 2009 டிசம்பரில் இழந்தது. நிறுவனர்களில் ஒருவரான கிட்டார் கலைஞர் சுஷ்மித் சென் 2013இல் விலகினார். ராகுல் ராமும் அமித் கிலாமும் புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு குழுவைத் தொடர்கிறார்கள். வெளிநாட்டுக் குழுவுக்கு விமானம் ஏறத் தயாராக இருக்கும் பலர், சில நூறு ரூபாயில் அருகிலேயே கிடைக்கும் இத்தகைய நிகழ்ச்சிகளைத் தவறவிடுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

பயணத்தின் கணக்கு:

ஏன் இவர்கள் ஓய்வெடுப்பதில்லை? பணம் ஒரு காரணம். இசைத்தட்டு விற்பனை வீழ்ந்து, இணையவழிக் கேட்பு வந்த பிறகு, பெரிய குழுக்களின் முதன்மை வருவாய் மேடைக்கு இடம்பெயர்ந்துவிட்டது. 2005 முதல் 2007 வரை நடந்த ரோலிங் ஸ்டோன்ஸ் சுற்றுப்பயணம் 55 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது. அவர்களோடு வளர்ந்த ரசிகர்கள் இன்று செலவழிக்கும் வசதி உள்ளவர்கள். அக்குழுவின் 2024ஆம் ஆண்டு வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்திற்கு விளம்பர ஆதரவு அளித்தது, 50 வயதைக் கடந்தவர்களுக்காக இயங்கும் 'ஏஏஆர்பி' என்ற அமைப்பு. அதில் இருந்த நகைச்சுவையை இரு தரப்பும் புரிந்துகொண்டே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனால் பணம் மட்டுமே காரணம் என்றால், தேவைக்கும் மேல் சம்பாதித்துவிட்ட ஜாகர், 2019 ஏப்ரலில் இதய வால்வு சிகிச்சை முடிந்த மூன்றே மாதங்களுக்குள் சிகாகோ மேடைக்கு ஏன் திரும்பினார் என்பதற்கு விளக்கம் கிடைக்காது. அறுபது ஆண்டுகளாக மாலை நேரமானால் மேடை ஏறியவர்களுக்கு, ஏறாமல் இருப்பதுதான் புதிய பழக்கம்.

அந்த 2024 பயணத்தின் கால அட்டவணையே ஒரு பாடம். ஏப்ரல் 28 முதல் ஜூலை 21 வரை 85 நாள்கள், நிகழ்ச்சிகள் 20. அதாவது சராசரியாக நான்கு நாள்களுக்கு ஒன்று. இளமையில் ஒரே இரவில் இரு காட்சிகள் வாசித்த குழு அது. இந்த இடைவெளிகளே 80 வயதுப் பாடகரின் உண்மையான மருந்து. மற்றொரு வழி, பயணத்தையே தவிர்ப்பது. 'ஈகிள்ஸ்' போன்ற குழுக்கள் லாஸ் வேகஸில் ஒரே அரங்கில் வாரக்கணக்கில் நிகழ்ச்சி நடத்துகின்றன. கலைஞர் ஊர் ஊராகச் செல்வதற்குப் பதிலாக ரசிகர் வந்து சேர்கிறார். இந்த முறை பரவினால் இந்தியா போன்ற தொலைதூர நாடுகளுக்கு வரும் குழுக்கள் குறையக்கூடும்.

வரிகளை நினைவூட்டும் திரை, கூடுதல் பின்னணிப் பாடகர்கள், முன்பே பதிவு செய்த ஒலி ஆகியனவும் உதவிக்கு வருகின்றன. முதலிரண்டில் யாருக்கும் குறையில்லை. மூன்றாவதில்தான் விவாதம். பின்னணிக் கோரஸைப் பதிவிலிருந்து ஒலிக்க விடுவதற்கும், முன்னணிப் பாடகரின் பழைய குரலை ஒலிக்கவிட்டு வாயை மட்டும் அசைப்பதற்கும் இடையே தெளிவான எல்லை இருக்கிறது. தளர்ந்த குரலுக்கு ரசிகர்கள் தரும் மன்னிப்பு, பொய்யான குரலுக்குக் கிடைப்பதில்லை. வில்லா பார்க்கில் ஓஸியின் தடுமாற்றத்தைக் கூட்டம் தானே பாடி நிரப்பியது. அங்கே மறைக்க ஒன்றும் இல்லாததால்தான் அது சாத்தியமாயிற்று.

விடைபெறுதல் என்ற சொல்:

விளம்பரத்தில் 'இறுதி' என்ற சொல்லைக் கண்டதும் பதறி டிக்கெட் எடுப்பவர்கள் சில தேதிகளை நினைவில் கொள்வது நல்லது. 'தி ஹூ' குழுவின் முதல் விடைபெறும் சுற்றுப்பயணம் 1982இல் நடந்தது. அதே குழு 2025இலும் வட அமெரிக்காவில் விடைபெற்றது. 'கிஸ்' குழு 2000இல் ஒருமுறை விடைபெறத் தொடங்கி, உண்மையில் நிறுத்தியது 2023 டிசம்பர் 2 அன்று. அன்றைய மேடையிலேயே, இனித் தங்கள் இடத்தில் கணினி உருவங்கள் தோன்றும் என்றும் அறிவித்தது. ஜெர்மனியின் 'ஸ்கார்ப்பியன்ஸ்' 2010இல் விடைபெறும் பயணத்தைத் தொடங்கிவிட்டு, இன்னமும் வாசித்துக்கொண்டிருக்கிறது. ஓஸி ஆஸ்போர்னே 1992இல் இனிச் சுற்றுப்பயணம் இல்லை என்ற பொருள்படும் பெயரில் ஒரு பயணம் நடத்தினார். 2018இல் அதே பெயரோடு 'இரண்டு' என்று சேர்த்து மற்றொன்றைத் தொடங்கினார்.

இதை ஏமாற்று என்று சொல்வது எளிது. சிலவற்றில் அது உண்மையும்கூட. ஆனால் கடைசி நிகழ்ச்சி எது என்பது பெரும்பாலும் முன்கூட்டித் தெரிவதில்லை. ஏரோஸ்மித் ரசிகர்களுக்குத் தாங்கள் பார்த்ததுதான் அப்பயணத்தின் இறுதி நிகழ்ச்சி என்பது அன்று தெரியாது.

டிக்கெட் எடுக்கும் முன்:

இந்தியாவில் இத்தகைய நிகழ்ச்சிக்குச் செல்ல நினைப்பவர்கள், குழுவின் தற்போதைய உறுப்பினர் யார் யார் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதே சுற்றுப்பயணத்தில் சில வாரங்களுக்கு முன்பு நடந்த நிகழ்ச்சிகளின் காணொலிகள் இணையத்தில் கிடைக்கும். பழைய இசைத்தொகுப்பைவிட அவையே நம்பகமான முன்னோட்டம். பல குழுக்கள் வரும் இசைவிழாவில் ஒரு குழுவுக்குக் கிடைப்பது சுமார் ஒன்றரை மணி நேரம். தனி நிகழ்ச்சி என்றால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல். நிகழ்ச்சி ரத்தானாலோ ஒத்திவைக்கப்பட்டாலோ டிக்கெட் பணம் எவ்வாறு திரும்பக் கிடைக்கும் என்ற விதியை, மூத்த கலைஞர்கள் விஷயத்தில், வாங்கும் முன்பே படிப்பது அவசியம். டிக்கெட் பணம் திரும்பினாலும் விமானக் கட்டணமும் விடுதி வாடகையும் பொதுவாகத் திரும்புவதில்லை.

ரசிகருக்கும் வயதாகிவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். மைதானத்தின் முன்வரிசையில் ஐந்து மணி நேரம் நிற்பது, பாடகருக்கு 60 வயது என்றால், அவரோடு வளர்ந்த ரசிகருக்கும் எளிதன்று. மேடையில் இருப்பவர் அமர்ந்து பாடும்போது, கீழே இருப்பவரும் இருக்கையுள்ள பகுதிக்கு டிக்கெட் எடுப்பதில் வெட்கப்பட ஏதுமில்லை.

அடுத்து வருவது:

கனடாவின் 'ரஷ்' குழு இந்த விவாதத்தின் அடுத்த கட்டத்தைத் தொடங்கிவைக்கிறது. உலகின் தலைசிறந்த டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவராகக் கருதப்பட்ட அதன் உறுப்பினர் நீல் பியர்ட், தசைநாண் அழற்சியும் தோள்பட்டை வலியும் வாட்டிய நிலையில், 2015 ஆகஸ்ட் 1 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் தமது இறுதி நிகழ்ச்சியை வாசித்தார். பழைய தரத்தில் வாசிக்க முடியாவிட்டால் வாசிக்கவே வேண்டாம் என்பது அவரது நிலைப்பாடு. 2020 ஜனவரியில் அவர் மூளைப் புற்றுநோயால் காலமானார். இனி ரஷ் இல்லை என்றே அனைவரும் கருதினர்.

ஆனால் கெடி லீ, அலெக்ஸ் லைஃப்சன் இருவரும் 2026இல் மீண்டும் சுற்றுப்பயணம் செல்லவிருப்பதாக 2025 அக்டோபரில் அறிவித்தனர். டிரம்ஸ் வாசிக்கத் தேர்வானவர் ஜெர்மனியைச் சேர்ந்த அனிகா நில்லெஸ். பியர்ட்டின் மனைவியும் மகளும் இம்முயற்சிக்கு ஆதரவு தெரிவித்தனர். 72 வயதான இரு நண்பர்களின் முதல் நிகழ்ச்சிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நாள் 2026 ஜூன் 7. இடம், பியர்ட் இறுதியாக வாசித்த அதே லாஸ் ஏஞ்சலிஸ் அரங்கம்.